சோபாவில் யார்?

உளப்பகுப்பாய்வு செய்யும் ஆலோசகர்களைப் பார்த்து 1937-இல் ஃபிராய்டு எழுதினார்: ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீங்களும் நோயாளியாகச் சோபாவில் படுங்கள், வெட்கப்படாதீர்கள். அருமையான யோசனை. அவர் மட்டும் முறைப்படி எவர் சோபாவிலும் படுக்கவில்லை. 1897-இல் தொடங்கி தம்மைத் தாமே ஆராய்ந்துகொண்டார். 1909-இல் அமெரிக்கப் பயணத்தில் உடன் வந்த உளவியலாளர் யுங் அவருடைய கனவைக் கிளறியபோது, மேலே சொன்னால் தம் மதிப்பு போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாராம். (இதை யுங் வெளியே சொன்னது இருவரும் முறைத்துக்கொண்ட பிறகு.) மகள் அன்னாவை ஆராய்ந்தது யார்? சாட்சாத் அப்பாதான்!

இன்றைய ஆலோசகர்களிடம் நீங்கள் ஏன் சோபாவில் படுப்பதில்லை என்று கேட்டால், நேரமில்லை, கட்டணம் கட்டுப்படியாகாது, தெரிந்தவர் பார்த்துவிட்டால் மானம் போகும் என்பார்கள். இதையே நாம் சொன்னால் அதற்குப் பெயர் தற்காப்பு மனநிலை. அடுத்தமுறை அதையே உங்கள் ஆலோசகரிடம் சொல்லிப் பாருங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன்பே.