கிரைண்டருக்கு இடமுண்டு, மணிக்கு இல்லை

பெறுநர்:
நிர்வாகத்தினர்,
செல்ஃப் ஸ்டோரேஜ் கிடங்கு,
சாக்ரமென்டோ புறநகர், கலிஃபோர்னியா.

பொருள்: மணி என்கிற நாய் குறித்து.

ஐயா, அம்மணி,

நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. மாதம் பிறந்ததும் என் கிரெடிட் கார்டிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளும் தொகையைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

தமிழில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். அனுப்பிய மறுநொடியே ‘உங்கள் கருத்தை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்’ என்று மூன்று தடவையும் பதில் வந்தது. ஒரு நொடியில் படித்து, யோசித்து, மதித்தும் முடிக்கிறவர்களுக்கு எந்த மொழியில் எழுதினால் என்ன?

உங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பத்துக்குப் பத்தடி யூனிட் ஒன்றை நான்கு வருடமாக வாடகைக்கு வைத்திருப்பவன் நான். வீட்டை விற்றுவிட்டு அபார்ட்மென்ட்டுக்குப் போனபோது, ‘ஆறே மாதம்’ என்று மனைவியிடம் சொல்லி எடுத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். ஊரிலிருந்து கப்பலேறி வந்த வெட் கிரைண்டர் ஒன்று. அது 220 வோல்ட்காரி, இந்த ஊர் கரண்ட்டுக்கு அசைய மாட்டாள். கொலுப்படி, நான்கு பெட்டி கொலு பொம்மை, மகனின் பள்ளிக்கூடக் கோப்பைகள், ஒரு டிரெட்மில், சாவி தொலைந்துபோன சூட்கேஸ் ஒன்று. அந்த சூட்கேஸில் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் நான்கு வருடமாக அதற்கும் சேர்த்து வாடகை கட்டுகிறோம். முதல் மாதம் ஒரு டாலர் என்றீர்கள். அதற்கப்புறம் வாடகை ஏறிய வேகத்தில் நான் அந்த டிரெட்மில்லில் ஓடியிருந்தால் பத்து கிலோ இளைத்திருப்பேன்.

அதை நான் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் தொழில் பெரிய தொழில். 1964இல் டெக்சாஸின் ஒடெஸ்ஸாவில், எண்ணெய்க் கிணற்று வேலைக்காரர்கள் சாமான் போட்டுவைக்கத் தொடங்கிய கொட்டகைகளிலிருந்து வளர்ந்து, இன்றைக்கு அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் கிடங்குகள். வேண்டாததைத் தூக்கிப்போட மனம் வராதவனை நம்பி இவ்வளவு பெரிய தொழிலை நடத்தலாம் என்று கண்டுபிடித்தவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

விஷயம் மணி. அறுபது பவுண்டு, பதினொரு வயது, லாப்ரடாரும் வேறு என்னவோவும் கலந்த காப்பகத்து நாய். தனியாக விட்டால் ஊளையிடுவான். கீழ்வீட்டுக்காரர் அபார்ட்மென்ட் ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிடுவார். அதனால் நான் போகிற இடத்துக்கெல்லாம் வருவான். உங்கள் கிடங்குக்கும் நான்கு வருடம் வந்தான். யூனிட் எடுக்க வந்த முதல் நாள், உங்கள் கவுன்ட்டரில் இருந்த கண்ணாடி ஜாடியிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்ததே உங்கள் ஊழியர்தான். கையில் திணித்த விளம்பரத் தாளில் அட்டைப்பெட்டி மேல் நாக்கைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததும் ஒரு நாய்தான். இப்போதும் உங்கள் முகப்பில் அந்தப் படம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழே, போன மாதம் புதிதாக ஒரு பலகை: ‘நாய்களுக்கு அனுமதி இல்லை.’

படத்தில் இருக்கிற நாய் உள்ளே வரலாம், வாலாட்டுகிற நாய் வரக்கூடாது என்று எடுத்துக்கொண்டேன்.

காரணம் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் நல்லவள். குரலைத் தாழ்த்தி, ‘இன்ஷூரன்ஸ்’ என்றாள். எங்கள் ஊரில் பேய் பிடித்த வீட்டைப் பற்றிப் பேசும்போது அப்படித்தான் குரலைத் தாழ்த்துவார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டதில் விவரம் வந்தது. யாரோ ஒருவரின் நாய் லிஃப்ட்டில் அசிங்கம் பண்ணிவிட்டது. அவர் துடைக்காமல் போய்விட்டார். இன்னொருவர் நாயை யூனிட்டுக்குள் விட்டு ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். இந்த இரண்டாவது ஆளைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. ஜன்னல் இல்லாத தகரப் பெட்டிக்குள் உயிருள்ள ஒன்றை வைத்துப் பூட்டுகிறவனுக்கு, நாய் இல்லாமலேயே உள்ளே வர அனுமதி கொடுக்கக்கூடாது. ஆனால் நீங்கள் அவரை விட்டுவிட்டு மணியை நிறுத்தினீர்கள். அவர் இன்னும் உங்கள் வாடிக்கையாளர். போன வாரம் ட்ராலியோடு எதிரில் வந்தார்.

சரி, நாயைக் காரில் விட்டுவிட்டு வாருங்கள் என்றாள் அந்தப் பெண். அவளுக்கு நம் மாநிலத்தின் குற்றவியல் சட்டம் 597.7ஆம் பிரிவு தெரிந்திருக்க நியாயமில்லை. உயிருக்கு ஆபத்தான வெயிலில் பிராணியைப் பூட்டிய வண்டிக்குள் விடுவது குற்றம். 2017 முதல், வழியோடு போகிறவர்கூடப் போலீசுக்குச் சொல்லிவிட்டு, வேறு வழியில்லையென்றால் கண்ணாடியை உடைத்து அதை வெளியே எடுக்கலாம். மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ இருபது டிகிரி ஃபாரன்ஹீட் ஏறிவிடுகிறது. நம்மூர் வெயில் செப்டம்பரிலும் நூறைத் தொடும். ஆக, உள்ளே கொண்டுவந்தால் உங்கள் விதி மீறல், வெளியே விட்டால் மாநிலத்தின் சட்ட மீறல். நாயை வாசலில் கட்டிப்போடலாமா என்றேன். அதற்கும் ஒரு பலகை இருக்கிறதாம், காட்டினாள்.

உங்கள் பலகையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘சேவை நாய்களுக்கு விலக்கு. சான்றிதழ் காட்டவும்.’ இங்கேதான் உங்களுக்காக உண்மையாகவே கவலைப்படுகிறேன். 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, பொதுமக்கள் வந்துபோகிற தொழில் நடத்துகிறவர் சேவை நாயோடு வருபவரிடம் இரண்டே கேள்விதான் கேட்கலாம். உடற்குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் நாயா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது? அவ்வளவுதான். சான்றிதழ் கேட்கக்கூடாது, வேலையைச் செய்துகாட்டச் சொல்லக்கூடாது. நாய் அடங்காமல் போனாலோ, அசிங்கம் பண்ணினாலோதான் வெளியே அனுப்பலாம். பார்வையற்றவரிடம் காகிதம் நீட்டச் சொல்லும் உங்கள் அந்த ஒரு வரியைவிட, மணி எந்தக் காலத்திலும் உங்களுக்குப் பெரிய வழக்கைக் கொண்டுவர முடியாது.

என்னிடமும் நண்பர்கள் யோசனை சொன்னார்கள். ‘சேவை நாய்’ என்று எழுதிய சிவப்பு அங்கி இணையத்தில் கிடைக்கிறது, வாங்கி மாட்டிவிடு, யாரும் கேட்க மாட்டார்கள் என்று. மாட்டலாம். ஆனால் கலிஃபோர்னியாவில் பொய்யாகச் சேவை நாய் என்று சொன்னால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் டாலர் வரை அபராதம். மேலும் மணி அப்படி ஒரு வேலையும் செய்வதில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே சேவை, உங்கள் நடையில் விளக்கெரிய வைப்பதுதான். அசைவு இல்லையென்றால் அணைந்துபோகும் சிக்கன விளக்கு போட்டிருக்கிறீர்கள். நான் யூனிட்டுக்குள் குனிந்து பெட்டி தேடும்போது வெளியே இருட்டாகிவிடும். மணி ஷட்டர் வாசலில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டே இருப்பான், விளக்கு அணையாது. இப்போது நான்தான் நிமிடத்துக்கொரு தரம் வெளியே வந்து கையை வீசிவிட்டுப் போகிறேன்.

அந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைப் படிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழக்கப்பட்ட குட்டைக் குதிரைகளுக்கும் இயன்றவரை வழிவிட வேண்டும் என்று 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயரம் 24 முதல் 34 அங்குலம், எடை 70 முதல் 100 பவுண்டு. உங்கள் பலகையில் குதிரையைப் பற்றி ஒன்றுமே இல்லை. லிஃப்ட்டை அளந்து வையுங்கள்.

எலிகளைப் பற்றியும் பலகை இல்லை. கேட் கோட் இல்லாமல் வருகின்றன, போகின்றன. அட்டைப்பெட்டியின் மூலையைக் கத்தரித்து ஒரு செட்டியார் பொம்மையின் கையில் இருந்த பழத்தட்டைத் தின்றுவிட்டன. காகிதக்கூழ் பழம்தான். என் ஷட்டர் இடுக்கில் குடியிருக்கும் கருப்பு விதவைச் சிலந்திக்கும் இதுவரை நோட்டீஸ் போனதாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர்ச் சிவன் கோயில்களில் ராத்திரி நடை சாத்திய பிறகு சாவியைப் பைரவர் சன்னிதியில் கொண்டுபோய் வைப்பார்கள். அவருக்கு வாகனம் நாய். ஒரு ஊரின் நகை, பாத்திரம், நிலப்பத்திரம் அத்தனையும் அந்த நாய்க்காரரின் பொறுப்பில் இருந்திருக்கிறது. பூட்டுத் தொழிலில் இருக்கிற நீங்கள் இதை யோசிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லிப் பாருங்கள்.

அந்த இன்ஷூரன்ஸ் பயத்துக்கும் ஒரு வார்த்தை. இந்த மாநிலத்தில் நாய் கடித்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவன் நாய்க்காரன். இதற்குமுன் அது யாரையும் கடித்ததில்லை என்று சொல்லியும் தப்ப முடியாது. எனவே தடைக்குப் பதில் விதி போடுங்கள். ஆறடிக்கு மேல் நீளாத கயிறு. ஏனென்றால் பக்கத்து ஷட்டர் ஏறும்போது இடி மாதிரிச் சத்தம் வரும், எந்த நாயும் மிரளும். லிஃப்ட்டில் வேறு ஆள் இருந்தால் அடுத்த தடவைக்குக் காத்திருக்க வேண்டும். அசிங்கம் பண்ணினால் கொண்டுவந்தவரே துடைக்க வேண்டும், துடைக்காவிட்டால் ஐம்பது டாலர். கட்டணம் போடுவது உங்களுக்குக் கை வந்த கலை, நான் சொல்லித்தர வேண்டியதில்லை. யூனிட்டுக்குள் விட்டுப் பூட்டுகிறவனை அன்றைக்கே காலி பண்ணுங்கள். நான் பதினான்கு நாள் வாடகை பாக்கி வைத்தாலே என் கொலுவை ஏலம் விடுவதற்கான முதல் நோட்டீசை அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. அதை ஒரு நாள்கூடத் தவறாமல் செய்யக்கூடிய நிர்வாகத்துக்கு இது முடியாதா?

நவராத்திரிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பொம்மைப் பெட்டிகளை எடுத்தாக வேண்டும். உங்கள் ஆபீஸ் ஒன்பதரைக்குத் திறக்கிறது. கேட் ஆறு மணிக்கே திறந்துவிடும். அந்த நேரத்தில் அங்கே ஆள் கிடையாது, கேட்டுக்கு என் ஆறு எண்கள் மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை ஆறேகாலுக்கு வருகிறேன். மணியும் வருவான்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி, இடப்பக்கம் கடைசி ஷட்டர்க்காரன்