உலகம் சுற்றும் முன் முர்தல்: ஒரு திணை ஆராய்ச்சி

உலகம் சுற்றக் கிளம்புகிறவர் முதலில் எங்கே போவார்? விசா வாங்கப் போவார் என்பது ஏட்டு விடை. தில்லி மோதி பாக்கில் கள ஆய்வு செய்தால் வேறு விடை கிடைக்கிறது. டிக்கெட் கைக்கு வந்து, பாஸ்போர்ட் பீரோவுக்குள் பத்திரமாகப் போன பிறகு, ஜனவரி மாதத்து நள்ளிரவு ஒன்றில் அவர் நான்கு நண்பர்களோடு ஒரு சின்னக் காரில் அடைபட்டு, 60 கிலோமீட்டர் தள்ளி அரியானாவின் முர்தலுக்குப் பராத்தா தின்னப் போகிறார். விடியும் முன் திரும்பியும் விடுகிறார். இந்நிகழ்வுக்கு அறிஞர் உலகம் உரிய கவனம் தரவில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. களம்

மோதி பாக், தென்மேற்குத் தில்லியில் ரிங் ரோட்டை ஒட்டிய அரசு ஊழியர் குடியிருப்புப் பகுதி. 1707-ல் குரு கோவிந்த் சிங் தில்லி வந்தபோது தங்கிய இடமாகப் போற்றப்படும் குருத்வாரா இங்குதான் இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்றும் இங்கே உண்டு. சாந்தி பத் சாலையில் திரும்பினால் சாணக்யபுரி: அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று தேசங்கள் வரிசையாகக் காம்பவுண்டு சுவர் எழுப்பி உட்கார்ந்திருக்கின்றன. ஆக, இவ்வூர்ப் பிள்ளைக்கு உலகம் என்பது பஸ் ஜன்னல் வழியே பார்த்துப் பழகிய மதில்.

ரிங் ரோட்டில் வட்டமடிக்கும் நகரப் பேருந்துக்கு ‘முத்ரிகா’ என்று பெயர். முத்ரிகா என்றால் மோதிரம். அனுமன் சீதையிடம் கொண்டுபோன கணையாழி. 1965-ல் கி. கஸ்தூரிரங்கன் தில்லியில் தொடங்கிய தமிழ் இதழின் பெயரும் கணையாழி. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பட்டம் வாங்கும் ஆசையை இக்கட்டுரை சிரமப்பட்டு அடக்கிக்கொள்கிறது.

இதே மோதிரத்தின் கிழக்குப் பக்கம், சராய் காலே கானில், 2019-ல் திறந்த ‘வேஸ்ட் டு வொண்டர்’ பூங்கா இருக்கிறது. ஈபிள் கோபுரம், பைசா கோபுரம், கொலோசியம், பிரமிடு, சுதந்திர தேவி, ரியோவின் ஏசுநாதர், தாஜ் மகால் எல்லாம் பழைய இரும்பில் வடித்து நிற்கின்றன. எகிப்திலிருந்து அமெரிக்காவுக்கு நடந்தே போகலாம், நுழைவுச்சீட்டு போதும். ஆயினும் ஆய்வுக்குரிய நண்பர் குழு கிழக்கே போவதில்லை. வடக்கேதான் போகிறது.

2. முன்னோர் கூற்று

உலகம் சுற்றிய தமிழர் என்றதும் ஏ.கே. செட்டியார்தான் நினைவுக்கு வருவார். காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து 1940-ல் படத்தை வெளியிட்டவர். அடுத்து எம்.ஜி.ஆர். அவருடைய ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973 மே மாதம் திரைக்கு வந்தது. அடுத்த மாதமே, ஜூன் 7-ல், மோதி பாக்கை அடுத்த ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல், மலை மந்திர் என்று தில்லி அழைக்கும் உத்தர சுவாமிமலை முருகன் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. அங்கே குடிகொண்டவரோ உலகம் சுற்றியவர்களுக்கெல்லாம் முன்னோடி. மயிலேறி ஒரு சுற்று முடித்து வந்து பார்த்தால், மாம்பழம் அண்ணன் கையில்.

மலை மந்திரைப் பார்த்தபடி வளர்ந்த பிள்ளைகள் இதிலிருந்து ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. முதலில் சாப்பிட்டுவிடுவது, உலகத்தைப் பிறகு சுற்றிக்கொள்வது.

3. திணை வரையறை

இனி இலக்கணம். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். அது குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது. கிளம்பும் நேரம் யாமம், குறிஞ்சிக்குரிய சிறுபொழுது. தெய்வம் முருகன். பறவை மயில், தில்லியில் அதற்குப் பஞ்சமில்லை. நிலத்துக்கு மலை மந்திர்க் குன்று போதும். உணவு மட்டும் தினைக்கும் தேனுக்கும் பதில் பராத்தாவும் வெண்ணெயும். தொண்டகப்பறைக்கு ஈடாக ஹார்ன். எனவே இப்பயணம் ஐயமின்றிக் குறிஞ்சித் திணை என்று ஆய்வை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

உரிப்பொருள்தான் இடிக்கிறது. குறிஞ்சிக்கு உரியது புணர்தல். இங்கே ஒருவர் பொருள் தேடியோ ஊர் பார்க்கவோ கடல் கடக்கப் போகிறார். அது பிரிதல், பாலைக்கு உரியது. பாலைக்கும் ஒரு பனிக்காலம் உண்டு, ஆனால் அது மாசி, பங்குனியாகிய பின்பனி. காருக்குள் இருக்கும் ஐவரில் எவரும் பிரிவைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதால் ஆய்வாளர் புறச்சான்றுகளையே நம்ப வேண்டியிருக்கிறது. அவை பின்னர் வரும்.

4. பனி

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பது நம்மூர்ப் பழமொழி. தில்லியில் அது தரையையே காணாமல் அடித்துவிடும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் சூட்டை இழக்க, அதன் மேலுள்ள ஈரக் காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. கங்கைச் சமவெளியின் ஈரமும் நகரத்தின் புகையும் தூசியும் கைகொடுக்கின்றன. பார்வைத் தொலைவு 200 மீட்டருக்குக் கீழே இறங்கினால் அடர் மூடுபனி, 50 மீட்டருக்குக் கீழே போனால் மிக அடர் மூடுபனி என்று வானிலைத் துறை வகுத்திருக்கிறது. நண்பர் குழுவிடம் வேறு அளவுகோல் உண்டு.

“டேய், ஏதாவது தெரியுதா?”

“முன்னாடி லாரிக்காரன் எழுதினது தெரியுது.”

“என்ன எழுதியிருக்கான்?”

“ஹார்ன் ப்ளீஸ்.”

அந்த லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே கார் ஊர்கிறது. பின்சீட்டில் நடுவே இருப்பவர் மங்கி குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டுத் தூங்குகிறார். அவருடைய மடியில், வழியில் பசித்தால் என்று யாரோ ஒருவருடைய அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை. அதை யாரும் பிரிப்பதில்லை.

5. பாதை

முர்தல் இருப்பது தேசிய நெடுஞ்சாலை 44-ல். பழைய கிராண்ட் டிரங்க் ரோடு. 1957 ஏப்ரலில் லண்டனிலிருந்து 20 பேரோடு புறப்பட்ட ‘இந்தியாமேன்’ பேருந்து, ஜூன் 5 அன்று கல்கத்தா போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின் ஹிப்பிகள் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக இதே சாலையில் தில்லிக்கு வந்து குவிந்தார்கள். 1979-ல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை, பாதை அடைபட்டது. இன்று முர்தலில் காரை நிறுத்துகிறவர் தம்மை அறியாமல் லண்டன் சாலையில் முதல் 60 கிலோமீட்டரை முடித்திருக்கிறார்.

அதே 44, தெற்கே திரும்பினால் சேலம், மதுரை, திருநெல்வேலி தாண்டிக் கன்னியாகுமரியில் முடிகிறது. தாத்தாவின் ஊருக்கும் தாபாவுக்கும் ஒரே சாலை.

6. சான்று

லாரி ஓட்டுநர்களுக்காகத் தோன்றிய முர்தல் தாபாக்கள் இரவு முழுதும் விழித்திருக்கின்றன. தந்தூரில் சுட்ட பராத்தா, உள்ளே உருளைக்கிழங்கோ முள்ளங்கியோ காலிஃபிளவரோ, மேலே ஒரு கட்டி வெள்ளை வெண்ணெய். வெண்ணெய் உருகும் வரை பேச்சில்லை. பிறகு ஐவரும் எட்டாம் வகுப்பு ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆறாவது முறையாக அதே கதை. அதே இடத்தில் சிரிப்பு.

பில் வருகிறது. மற்ற நாட்களில் இந்தக் கட்டத்தில் கை கழுவப் போய்விடுகிற நண்பர்தான் இன்று முதலில் கையை நீட்டுகிறார். இன்னொருவர் அவருடைய போனைத் தட்டிவிடுகிறார். மூன்றாமவர் கல்லாவுக்கே ஓடுகிறார். ஊருக்குப் போகிறவரை மட்டும் யாரும் பர்ஸைத் தொட விடுவதில்லை. உரிப்பொருள் பிரிதலே என்பதற்கு இதைவிட வலுவான சான்று தொல்காப்பிய உரைகளில் கிடைக்காது. குறிஞ்சியில் பாலை வந்து கலந்திருக்கிறது, திணை மயக்கம்.

7. மீட்சி

திரும்பும்போது பனி இன்னும் தடித்திருக்கிறது. ஆசாத்பூர், பஞ்சாபி பாக், நாராயணா என்று ரிங் ரோட்டின் மேற்குப் பாதி கழிகிறது. தௌலா குவாவில் மோதி பாக்குக்கான கிளையைத் தவறவிட்டு, கார் ஜெய்ப்பூர் சாலையில் ஏறிவிடுகிறது. ஓட்டுகிறவர் திட்டு வாங்குகிறார். அந்தச் சத்தத்தில் பின்சீட்டுக்காரர் விழித்து, குல்லாவை ஏற்றிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்க்கிறார்.

“சென்னை வந்துடுச்சா?”

மற்ற நால்வரும் சிரிக்கிறார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை. கார் நின்றிருந்தது தேசிய நெடுஞ்சாலை 48-ல். ஜெய்ப்பூர், மும்பை, பெங்களூரு வழியாக அது சென்னையில்தான் போய் முடிகிறது. இன்னும் சுமார் 2,800 கிலோமீட்டர் பாக்கி. மடியில் புளியோதரையும் இருந்தது.