கேள்வி-பதில்

பார்க்கின்சனுக்கும் மனச்சோர்வுக்கும் ஒரே மருந்தாமே! கம்பெனிக்காரர்களிடம் சரக்கு தீர்ந்துபோச்சா?
*– ஒரு வாசகர், சிங்கப்பெருமாள் கோயில்*

தீர்ந்தது உங்கள் மூளைச் சரக்கு. மருந்து அதைத்தான் காக்கிறது! அந்தச் சரக்கான டோபமைனைச் சிதைக்கும் என்சைம் மோனோஅமைன் ஆக்சிடேஸ். அதில் ஏ, பி என்று இரண்டு வகை. செலிஜிலின் மருந்து குறைந்த அளவில் பி-யை மட்டும் மடக்கும், அது பார்க்கின்சனுக்கு. அளவு கூடினால் ஏ-யும் மடங்கி, செரட்டோனினும் மிஞ்சும், அது மனச்சோர்வுக்கு. இந்த வம்சத்தின் மூத்த பிள்ளையான இப்ரோனியசிட், 1952-இல் நியூயார்க்கில் காசநோய்க்குக் கொடுத்த மருந்து. நோயாளிகள் குதூகலமானதைப் பார்த்துத்தான் மனநல டாக்டர்கள் விழித்துக்கொண்டார்கள்.

'மாத்திரை எதற்கு, பூனைக்காலி விதை போதாதா?' என்பீர்கள். அந்த விதையிலிருந்து 1937-இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் டோபமைனின் மூலப்பொருளான எல்-டோபாவைப் பிரித்தெடுத்தது உண்மைதான். ஆனால் எல்-டோபா தண்ணீர் ஊற்றும் வேலை, என்சைம் தடுப்பான் ஓட்டையை அடைக்கும் வேலை. தவிர, எந்த விதையில் எத்தனை மில்லிகிராம் என்று எந்தப் பூனையும் எழுதிவைக்கவில்லை.

'அப்படியானால் ஏ, பி இரண்டையும் எல்லோருக்கும் அடக்கிவிடலாமே?' கூடாது. கருவாடு போன்ற நாள்பட்ட உணவிலுள்ள டைரமைனைக் குடலில் அழிப்பது ஏ-தான். அது முடங்கினால் ரத்த அழுத்தம் எகிறும். அதனால்தான் மனச்சோர்வுக்கான செலிஜிலினை அமெரிக்காவில் 2006-இல் குடலைத் தவிர்க்கும், தோலில் ஒட்டும் பட்டையாக அனுமதித்தார்கள். வேறு மனச்சோர்வு மாத்திரையோடு இதைச் சேர்ப்பதும் ஆபத்து. மாமல்லபுரத்துக் கருவாடா? முதலில் டாக்டரைக் கேளுங்கள், பிறகு விலையைக் கேளுங்கள்.