பக்கத்து மேசை, எட்டாத சம்பந்தி

பாரிட் புந்தாரில் ஓர் அலுவலகத்து எலாஸ்டிக்சர்ச் கிளஸ்டரில் புது நோடு சேரவில்லை என்றால், ‘லைன் சரியில்லை’ என்று பழி இணையத்தின் தலையில்தான் விழும். இரண்டு சர்வரும் ஒரே மேசையில் இருந்தாலும் சரி. எட்டாம் பதிப்பு தானாக எழுதிக்கொள்ளும் அமைப்புக் கோப்பு வேறு கதை சொல்கிறது. வெளியாருக்கான 9200 போர்ட் எல்லாப் பக்கமும் திறந்திருக்கும். நோடுகள் தங்களுக்குள் பேசும் 9300 லோக்கல்ஹோஸ்டோடு சரி. ஊராருக்குத் தலைவாசல் திறப்பு, சம்பந்திக்குக் கொல்லைக்கதவும் பூட்டு! பாதுகாப்புக்குத்தானே என்பார்கள், நியாயம்தான். ஆனால் ‘மாஸ்டர் இன்னும் கிடைக்கவில்லை’ என்று லாக் திரும்பத் திரும்பப் புலம்பும்போது, அந்தப் பூட்டைத் திறக்கும் டிரான்ஸ்போர்ட்.ஹோஸ்ட் வரியைச் செயல்படவிடாமல் அதற்கு முன்னால் நிற்கும் ‘#’ யார் கண்ணில் படும்? ‘பிங் போகிறதே’ என்பவர்களும் உண்டு. பிங் எந்தப் போர்ட்டையும் தட்டிப் பார்ப்பதில்லை. புது நோடைச் சேர்க்கக் கொடுக்கும் டோக்கனுக்கோ ஆயுள் 30 நிமிடம். லைன்காரர் வருவதற்குள் அதற்குக் காரியமே முடிந்திருக்கும்.