மீன்கள் அலுவலக நேரத்தில் சாகட்டும்

அனுப்புநர்
ஏரி மீன்பாசிக் குத்தகைதாரர்,
புறநகர்.

பெறுநர்
ஏரியைக் கட்டிக்காக்கும் துறைத் தலைவர் அவர்கள்.

பொருள்: ஏரி மீன்கள் அலுவலக நேரத்தில் மட்டுமே சாக ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஏரியில் மீன் செத்து மிதந்தது குறித்த தங்கள் ஆய்வறிக்கை கிடைத்தது. "ஆக்சிஜன் அளவு லிட்டருக்கு 11 மில்லிகிராம். மீன் வளர்ப்புக்கு மிகவும் உகந்த நீர்" என்று கண்டிருந்தது. படித்ததும், கரையில் வயிறு வெளுத்துக் கிடந்த கட்லாக்கள் மேல் எனக்கே கோபம் வந்தது. இவ்வளவு நல்ல தண்ணீரில் சாக என்ன திமிர்!

விசாரித்ததில் குற்றம் மீன்களுடையதுதான். அவை செத்தது விடியற்காலை நாலரை மணிக்கு. தங்கள் ஊழியர் வந்து தண்ணீர் எடுத்தது, சாப்பாடு முடித்து, பிற்பகல் இரண்டு மணிக்கு.

பகலில் வெயில் பட்டால் பாசி ஆக்சிஜனை அள்ளித் தருகிறது. இருட்டினால் அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. சாக்கடையோடு வரும் அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவுக்கோ இரவுமில்லை, ஞாயிறுமில்லை. பொழுது விடியும் முன் ஏரியில் சுவாசிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பெரும்பாலும் பெரிய மீன்தான் முதலில் மல்லாந்துபோகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன் வளர்ப்புக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் வேண்டும் என்கிறது. எத்தனை மணிக்கு என்றும் சொல்லியிருக்கலாம்.

தங்கள் 11-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. 30 டிகிரி சூட்டில் தண்ணீர் தானாகப் பிடித்து வைக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் ஏழரைதான். மேலே உள்ள மூன்றரை பாசியின் உபயம்; பாசி, மதகுப் பக்கம் விழும் சாக்கடையின் உபயம். மதியத்தில் இப்படி எகிறும் ஏரிதான் விடியலில் அதலபாதாளத்துக்கு இறங்கும். அதாவது தாங்கள் நற்சான்று என்று அனுப்பியது நோயாளியின் காய்ச்சல் அளவு.

2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் மிதந்தன. அங்கே அவசரப்பட்டு ஆக்சிஜன் குறைவு, கழிவுநீர் என்றெல்லாம் வெளிப்படையாகப் பேசிவிட்டார்கள். இத்துறையின் நிதானம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

எனவே கீழ்க்காணும் ஆணைகளைப் பிறப்பிக்க வேண்டுகிறேன்:

1. மீன்கள் காலை 10 மணி முதல் மாலை 5.45 வரை மட்டுமே சாக வேண்டும். அரசு விடுமுறை நாட்களில் சாவது ஒழுங்கீனமாகக் கருதப்படும்.

2. சூரியன் மறைந்தபின் பாசி மூச்சுவிடக் கூடாது. மேகமூட்டமான நாட்களில் பகலிலும் வேலை செய்யாமல் இருந்ததற்கு விளக்கம் கேட்கப்படும்.

3. கோடை மழை முன்னனுமதி பெற்றே பெய்ய வேண்டும். திடீரென்று கொட்டி, அடியில் கிடக்கும் ஆக்சிஜன் இல்லாத நாற்றத் தண்ணீரை மேலே புரட்டிவிடுகிறது.

4. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றை ஏரியிலிருந்து நீக்கிவிட்டு, வெளிக்காற்றையே சுவாசிக்கத் தெரிந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை நியமிக்கலாம். அதற்குத் தடை இருக்கிறது, சாக்கடையைத்தான் யாரும் தடுப்பதில்லை. தடையை நீக்குவது சாக்கடையை நிறுத்துவதைவிடச் சுலபம்.

குத்தகைப் பணத்தை முழுதாகக் கட்டிவிட்டேன். செத்ததை அள்ளிப் புதைத்த கூலியும் என்னுடையது. விட்டுவைத்தால் அது அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். தப்பிய ஜிலேபிக் கெண்டையைச் சந்தைக்குக் கொண்டுபோனால், "அந்த ஏரி மீனா?" என்று கேட்டுவிட்டு, விலைகூடக் கேட்காமல் நகர்கிறார்கள். நஷ்டஈடு கேட்டு அலைந்ததில் ஒரு விஷயம் விளங்கியது: தண்ணீருக்கு ஒரு துறை, மீனுக்கு ஒரு துறை, கரைக்கு ஒரு துறை, சாக்கடைக்கு ஒரு துறை. நாலரை மணிக்கு மட்டும் துறை இல்லை.

ஒருவேளை யாராவது அந்த நேரத்தில் அளக்கும் கருவியோடு வந்தால், பரிசல் தயாராக இருக்கும். டீ என் செலவு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குத்தகைதாரர்.

இணைப்பு: விடியற்காலை ஏரித் தண்ணீர், ஒரு பாட்டில், விளிம்புவரை நிரப்பி மூடியது. மூடியைத் திறந்து மேசையில் வைத்தால் மின்விசிறிக் காற்றில் ஆக்சிஜன் ஏறிவிடும். அப்புறம் அளந்து, வழக்கம்போல் அறிக்கை அனுப்பலாம்.