கட்டணம் கட்டிப் படிக்கும் காடு

பேத்தியின் தமிழ்ப்பள்ளியில் இயற்கை முகாமாம். கூலிம் பக்கம் சுங்கை செடிமில் காட்டு நடை, ஆற்று நீர்ச் சோதனை, மர உச்சிகளை ஒட்டிப் போகும் 925 மீட்டர் நடைபாலம். கட்டணம் உண்டு. கையெழுத்துப் போடப் பாரம் வந்தது. கூடவே தொப்பி, கொசு மருந்து, விசில் என்று ஒரு பட்டியல்.

எழுபதுகளில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்களுக்கும் இந்த முகாம் நடந்தது. வருடம் முழுக்க, இலவசமாக. அதற்குப் பெயர் ‘அம்மாவுக்கு ஒத்தாசை’.

வானிலைப் பாடத்தை 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை நடத்தியது. சாயங்காலம் அதன் தலையில் மேகம் கட்டினால், அம்மா மறுநாள் கூலியைக் கழித்தே கணக்குப் போடுவார். நனைந்த மரத்தில் பால் வெட்ட முடியாது. விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும் என்று பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். புத்தகம் படிக்காமலே எங்களை இருட்டில் எழுப்பத் தெரிந்தவர் அம்மா. பிப்ரவரியில் மரம் இலையுதிர்க்கும், பால் குறையும், மளிகைக் கடையில் கடன் துளிர்க்கும்.

வெயில் ஏறினால் ரப்பர்க்காய் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். அதைச் சிமெண்டில் தேய்த்து, சூடேறியதும் பக்கத்துப் பையன் தொடையில் வைப்போம். உராய்வினால் வெப்பம் பிறக்கும் என்பது அவன் அலறலில் நிரூபணமாகும். நீர்ச் சோதனைக்கு மூக்கே போதும்: ஆற்றில் பால் ஸ்டோருக்கு மேலே குளிக்கலாம், கழிவு கலக்கும் கீழ்ப்பக்கம் காலைக்கூட நனைக்கக் கூடாது.

எங்கள் வாத்தியார் மட்டும் இந்தக் கல்விக்கு எதிரி. “படிக்கலன்னா பால்காட்டுக்குத்தான் போவே!” என்பார். அன்று மக்குகளுக்குக் காடு தண்டனை. இன்று கெட்டிக்காரர்களுக்குப் பரிசு.

பேத்தி சான்றிதழோடு திரும்பினாள். “தாத்தா, களைக்கொல்லி தண்ணியில கலந்தா மீன், தவளை எல்லாம் செத்துடுமாம். தெரியுமா?”

தெரியாமல் என்ன? பால்வெட்டு இல்லாத காலத்தில் அம்மாவை மருந்தடிக்கப் போடுவார்கள். முதுகில் பம்பு, முகத்தில் பழைய கைலித் துண்டு. கைவிரல் நகங்கள் கறுத்து, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போனார். அந்த மருந்தான பாராகுவாட்டை மலேசியா முழுதாகத் தடை செய்தது 2020-இல். அதற்குள் அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம். எங்கள் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை.

முகாம் கையேட்டைப் புரட்டினேன். மீனுக்கு ஒரு பக்கம், தவளைக்கு ஒரு பக்கம், படத்தோடு. பம்பு சுமந்தவளுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்தப் பாடத்தை நடத்த ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் வரத் தயார். கட்டணம் வேண்டாம், மதியச் சாப்பாடு போட்டால் போதும்.