காம்பரா அலையியல்: பொகவந்தலாவைப் பண்பலை வானொலி பற்றி ஒரு முதனிலை ஆய்வு

பாயிரம்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி, அதற்கு உரிப்பொருள் புணர்தல் என்று வகுத்த பெரியோர் எஃப்.எம். வானொலி கேட்டவர்கள் அல்லர். இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்து லயத்துக் காம்பராவில் அமர்ந்து கேட்டிருந்தால், குறிஞ்சிக்கு உரியவை இருத்தலும் இரங்கலுமே என்று நூற்பாவைத் திருத்தியிருப்பார்கள். நிலையம் பாடுகிறது, பெட்டி காத்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவே மலை நிற்கிறது. தூது போக வேண்டிய அலையோ மலையைக் கண்டதும் திரும்பிவிடுகிறது.

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் பாகங்களாக வாங்கிவந்து, வீட்டில் ஈயம் வைத்து ஒட்டிச் செய்யும் சிறு எஃப்.எம். பெட்டி, கொழும்பில் பாடுகிற மாதிரி பொகவந்தலாவையில் ஏன் பாடுவதில்லை என்பதையும், பாடவைக்க அந்தப் பொதியில் இல்லாத எந்தப் பாகம் தேவை என்பதையும் உணர்த்துதல் நுதலிற்று.

முன்னோர் நிலை சுருக்கமாக. 1925 டிசம்பர் 16-இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளரின் முயற்சியில் கொழும்பு வானொலி தொடங்கியது. 1949-இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. அதன் சிற்றலை வானத்தில் பட்டுத் தெறித்து தூத்துக்குடிக்கும் திருச்சிக்கும் போய் இறங்கியது. மத்திய அலையின் நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர், அதனால் மலையைச் சுற்றி வளைந்து வந்து ‘பொங்கும் பூம்புனல்’ பாடும், மரண அறிவித்தல் வாசிக்கும். அந்தக் காலத்தில் மலையகத்தாருக்கு வானொலி கேட்க ரேடியோ ஒன்று போதும், இயற்பியல் தேவைப்படவில்லை. 1998-இல் சூரியனும் சக்தியும் எஃப்.எம்.மில் வந்த பின்னர்தான் தேவைப்பட்டது. எஃப்.எம். அலை மூன்று மீட்டர். அது வானத்தில் தெறிக்காது, மலையை வளைக்காது, சில மனிதர்களைப் போல நேரே மட்டும் போகும்.

அலை புறப்படும் இடங்களில் ஒன்றான பிதுருதலாகலை மலையின் உயரம் 2,524 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் அலை, தரை சமதளமாக இருந்தால், 200 கிலோமீட்டர் தாண்டியும் எட்டும் என்பது சூத்திரம். பொகவந்தலாவை அங்கிருந்து நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. இடையில் உள்ள திம்புள்ளைப் பக்கத்து மலைமுடிகளைச் சூத்திரம் பார்த்ததில்லை.

கருவி இயல்

பொதியைப் பிரித்தால் வருபவை: பூரானைப் போல இருபுறமும் கால்களுள்ள ஓர் ஐ.சி., எனாமல் கம்பிச் சுருள்கள், டியூனிங் கண்டென்சர், மூன்று காலுள்ள ஒரு மஞ்சள் வில்லை, ஸ்பீக்கர், இழுத்தால் நீளும் ஏரியல், பற்றரிப் பெட்டி, சீன மொழியில் ஒரு தாள். அந்தத் தாளை ஆழ்ந்து கற்றவர் எங்கள் பகுதியில் எவரும் இலர். படங்களைப் பார்த்தே ஒட்டுகிறோம்.

சுருளும் கண்டென்சரும் சேர்ந்தால் ஒரே ஓர் அலைவரிசைக்கு மட்டும் மனம் இளகும். 0.1 மைக்ரோஹென்றிச் சுருளுக்கு 25 பிக்கோஃபராட் கண்டென்சர் சேர்த்தால் ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ். சுருளின் சுற்றுகளைச் சற்று விலக்கினால் அலைவரிசை ஏறும், நெருக்கினால் இறங்கும். பிளாஸ்டிக் குச்சியால்தான் விலக்க வேண்டும், ஏனெனில் இரும்பு அருகே வந்ததுமே சுருள் குணம் மாறிவிடும். இதுவரை நல்ல பிள்ளை. ஆனால் அந்த 25 பிக்கோஃபராட்டில் ஒன்றே ஒன்று கூடினாலும் நிலையம் 2 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அந்த ஒன்றைத் தர ஒரு விரல் போதும். பெட்டியைத் தொட்டால் பாடுவதும் கையை எடுத்தால் நிறுத்துவதும் பேயின் வேலை என்று சொல்லிவந்த மூத்தோர் கூற்று இதனால் மறுக்கப்படுகிறது. ஆனால் பேய் என்ற கருத்தில் ஒரு பகுதி உண்மை. அது பின்னர் வரும்.

நிலையம் 100 மெகாஹெர்ட்ஸ் என்று சொன்னாலும் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. அறிவிப்பாளர் பேசப் பேச, இந்தப் பக்கம் 75 கிலோஹெர்ட்ஸ், அந்தப் பக்கம் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஆடுகிறது. எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பது சத்தத்தின் அளவு, எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பது சுருதி. இடி மின்னல் அலையின் உயரத்தைத்தான் கெடுக்கும், ஆட்டத்தை அதிகம் தொடாது. அதனால் இடிக்கிற மாலைகளில் மத்திய அலை கரகரக்க, எஃப்.எம். அமைதியாகப் பாடும். இதைக் கண்டு காப்புரிமை பெற்றவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங், ஆண்டு 1933. வரும் அலையோடு பெட்டிக்குள்ளேயே இன்னோர் அலையை உண்டாக்கிக் கலந்து, வித்தியாசத்தை மட்டும் வடிகட்டும் முறையும் 1918-இல் அவர் வகுத்ததே. நம் பெட்டியில் அந்த வித்தியாசம் 10.7 மெகாஹெர்ட்ஸ். மஞ்சள் வில்லையின் தொழில் அதைத் தவிர வேறொன்றையும் உள்ளே விடாமல் காவல் நிற்பது. நாம் 93 கேட்டால் பெட்டி உள்ளே 103.7-ஐ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். இந்த முணுமுணுப்பை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

பற்றரியை வெயிலில் காயவைத்து உயிர்ப்பிக்கும் மரபு பற்றித் தனி நூலே எழுதலாம். தென்மேற்குப் பருவத்தில் பொகவந்தலாவையில் வெயில் கிடைக்காது. அப்போது அடுப்பங்கரையில் வைப்பர். பழைய வகைப் பற்றரிக்குச் சூடு பட்டால் கொஞ்ச நேரம் தெம்பு வருவது மெய்தான்.

காம்பரா இயல்

லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பொதுவழக்கு. பன்னிரண்டடி என்பது 3.66 மீட்டர். எஃப்.எம். அலை ஒன்றின் நீளம் 3 மீட்டர். ஆக, ஒரு குடும்பம் முழுவதும் குடியிருக்கும் காம்பராவில் முழுதாக ஓர் அலைதான் குடியிருக்க முடியும். தோட்டத்து வீட்டுப் பிரச்சினையை அலையின் பக்கமிருந்து பார்த்த ஆய்வு இதற்கு முன் இல்லை என நம்புகிறேன்.

கூரையோ தகரம். உள்ளே வந்த அலை தகரத்தில் பட்டுத் திரும்பும், மலையில் பட்டு வந்த இன்னொன்றும் வந்து சேரும், இரண்டும் ஒன்றையொன்று ஓரிடத்தில் தூக்கிவிட்டு இன்னோரிடத்தில் விழுங்கிவிடும். விழுங்கும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வரும். அவற்றின் நடுவே, 75 சென்டிமீட்டர் தள்ளி, பாடும் இடம். அடுப்படியில் இரைச்சல், இரண்டு எட்டு தள்ளிக் கதவோரம் தென்றல் என்பது இதனால்தான். ரேடியோவுக்கென்று ஒரு பலகை அடித்து அதன்மேல் பூப்போட்ட துணி விரித்து வைப்பவர்கள் பெரும்பாலும் விழுங்கும் இடத்தில்தான் பலகை அடிக்கிறார்கள். அழகுக்கும் அலைக்கும் ஒத்துவராது.

மப்பு மூடினால் ரேடியோ இழுக்காது என்பது பிரட்டுக்களத்தில் நெடுங்காலமாக நிலவும் கருத்து. மூடுபனியின் துளி மூன்று மீட்டர் அலைக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பள்ளத்தாக்கில் பனி கட்டும் காலையில் கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும். அந்த அடுக்கு அலையை வளைக்க வல்லது. அன்று புதிய நிலையம் ஒன்று கேட்டாலும் கேட்கும், பழையது ஒன்று காணாமல் போனாலும் போகும். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வானத்தைப் பழிப்பது நியாயம், பனியைப் பழிப்பது நியாயமன்று.

இனி முணுமுணுப்பு. இடைச்சுவர் கூரையைத் தொடாத பழைய லயங்களில், பக்கத்துக் காம்பராவில் என்ன குழம்பு என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன நிலையம் என்பதும் தெரியவரும் என்பதை இவ்வாய்வு நிறுவுகிறது. அவர்கள் சத்தத்தை அடியோடு குறைத்து 93 கேட்டால், அவர்களின் பெட்டி 103.7-ஐக் கசியவிடும். நம் முள்ளை 103.7-க்குக் கொண்டுபோனால் அங்கே இருந்த இரைச்சல் சட்டென்று அடங்கி நிசப்தமாகும். நிசப்தத்திலிருந்து 10.7 கழித்தால் அயல்வீட்டின் ரசனை. பிரித்தானிய உளவுத்துறை எம்.ஐ.5, சோவியத் உளவாளிகளின் வானொலிப் பெட்டிகளைக் கண்டுபிடிக்க இதே உத்தியைக் கையாண்டு அதற்கு ‘ராஃப்டர்’ என்று பெயரும் வைத்தது. நம்மூர் அத்தைமார் பெயர் எதுவும் வைக்கவில்லை. “நேத்து ராத்திரி நாடகம் கேட்டீங்க போல?” என்று பீலிக்கரையில் கேட்பதோடு சரி.

ஆள் இயல்

பொதியில் இல்லாத பாகம் ஆள். ஏரியலை நீட்டி முடித்த பின் ஒவ்வொரு வீட்டிலும் எழும் குரல் இது: “அப்புடியே நில்லு! அசையாத! ஆங்... இப்ப கேக்குது.” நின்றவர் நகர்ந்தால் பாட்டும் நகரும். முன்னர் சொன்ன பேயின் மெய்ப்பகுதி இதுவே. உப்பு நீர் நிறைந்த மனித உடல் ஒரு கடத்தி, ஆகவே ஓர் ஏரியல்.

எந்த நிலையத்துக்கு எந்த ஆள்? பாடநூல் ஏரியலின் நீளம் அரை அலை. அதாவது 150-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் மீட்டர். இதன்படி ஐந்தடி ஏழு அங்குல அப்பா 88-க்கும், ஐந்தடி அம்மா 98-க்கும், 1.40 மீட்டர் அண்ணன் 107-க்கும் பொருந்துவர். குடும்பம் முழுவதும் எஃப்.எம். பட்டைக்குள் அடங்கிவிடுவதைக் கண்டு இவ்வாய்வாளர் மிகவும் மகிழ்ந்திருந்த வேளையில் ஒரு தடை எழுந்தது. அரை அலைக் கணக்கு மெல்லிய கம்பிக்கு. மனிதர் கம்பி அல்லர், சிலர் கொஞ்சமும் அல்லர். ஏரியல் தடித்தால் அதன் அலைவரிசை இறங்கும். மின்காந்த அலையின் பாதுகாப்பு வரம்புகளை வகுத்தவர்கள் இதை அளந்தே வைத்திருக்கிறார்கள்: தரையைத் தொடாமல் நிற்கும் வளர்ந்த மனிதர் மிக அதிகமாக அலையை வாங்குவது 70 மெகாஹெர்ட்ஸ் அளவில். அங்கே எந்தத் தமிழ் நிலையமும் இல்லை.

ஆகவே 150-ஐ விட்டு 120-ஐ எடுத்து வகுக்க வேண்டும். 88-க்கு 1.36 மீட்டர், 108-க்கு 1.11 மீட்டர். இது ஏறத்தாழ ஆறு வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகளின் உயரம். பெரியவர்கள் எல்லோரும் பாயில் சாய்ந்து தேத்தண்ணி குடிக்க, ஏரியலைப் பிடிக்கும் வேலை எப்போதும் வீட்டின் சின்னப் பிள்ளைக்கே ஏன் போகிறது என்ற கேள்விக்கு இதுவரை அதிகாரம், சோம்பல் முதலிய சமூகக் காரணங்களே கூறப்பட்டுவந்தன. காரணம் இயற்பியலே என்று இவ்வாய்வு தீர்ப்பளிக்கிறது. பெரியவர்கள் அலைவரிசைக்குக் கீழே போய்விட்டவர்கள்.

ஒரு புறனடை. வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்றால் பூமியும் ஏரியலில் சேர்ந்துகொள்ளும். வேண்டிய உயரம் பாதியாகும். அப்போது 88-க்கு 68 சென்டிமீட்டர் போதும். அது சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகும் குழந்தை. அதைக் கொண்டு சோதிப்பதை இவ்வாய்வு பரிந்துரைக்கவில்லை. பிள்ளைக்குச் செருப்பு மாட்டிப் பலகைமேல் நிறுத்துக.

அசையாமல் நிற்பதில் பொகவந்தலாவைக்கு ஒரு மரபுத் தொடர்பும் உண்டு. ஒளியலைகளைப் பிடிப்பதில் உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் 1879-இல் இலங்கையில் காலமாகி, இங்குள்ள புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கமராவின் முன் இருந்தவர்கள் பல நிமிடங்கள் அசையக்கூடாது. அசைந்தவர்கள் மங்கலாகவே வரலாற்றில் நிற்கிறார்கள். நம் ஆய்வில் அசைந்தவர்களுக்கு அந்த இடமும் கிடைப்பதில்லை, ஏச்சுத்தான்.

எனவே பொதி தயாரிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: பாகப் பட்டியலின் கடைசியில் “பிள்ளை – 1, உயரம் 120 வகுத்தல் அலைவரிசை” என்று ஒரு வரி சேர்க்க. சீன மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, படம் போட்டால் போதும். இவ்வாய்வின் இரண்டாம் பகுதிக்கு 1.23 மீட்டர் உயரமும், செருப்பும், அரைமணி நேரம் அசையாமல் நிற்கும் பொறுமையும் உள்ள ஒரு பிள்ளை உடனடியாகத் தேவை. முதல் இரண்டு தகுதியும் உள்ளவர்கள் தோட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்றாவது தகுதி உள்ளவர் எவரும் இதுவரை விண்ணப்பிக்கவில்லை.